சனிக்கிழமை வார்த்தை

இன்னும் இருட்டல்ல. மணி பார்க்கக்கூடாதுன்னு நினைச்சுக்கிட்டே பார்க்கேன், பார்த்தா அதே மணிதான், சவம், இந்த முள்ளு நகருதா இல்ல என்னைக் கண்டதும் நின்னுபோகுதா. வெளிய மழை. எருசலேம் மழை, நம்ம ஊரு மழை மாதிரி ஓட்டுல விழுந்து நாலு வார்த்தை பேசாது, திருடன் மாதிரி சத்தமில்லாம வந்து கொடியில கிடக்கிற துணிய நனைச்சுட்டுப் போகும். இருட்டினாத்தான் ஓய்வுநாள் முடியும், முடிஞ்சாத்தான் மேடம் பென்சிலைத் தொடுவா, தொட்டாத்தான் எனக்க தலையில இருக்கிறதை இறக்கி வைக்க முடியும். அதுக்குப் பின்ன கேக்கணும். கேக்கணும் எப்சி, இன்னைக்குக் கேட்டே ஆகணும், நேத்தும் இதைத்தான் சொன்னே, முந்தாநாளும் சொன்னே, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கே. மேடம் சாய்வு நாற்காலியில கண்ணை மூடிக்கிட்டுக் கிடக்கா. தூங்கல்ல, தூங்கினா வாய் திறந்திருக்கும். முழங்கால் மேல போட்ட கம்பளி நழுவுது, போய் இழுத்து விடணும், எனக்க இடுப்பு எழும்பமாட்டேங்குது. பைய எழும்பினேன், இழுத்து விட்டேன், "தோதா"ன்னா, நன்றின்னு அர்த்தம், கண்ணைத் திறக்காமலே. திரும்ப வந்து உக்காந்தேன். காலையில இருந்து உக்காந்து எழும்பி உக்காந்து எழும்பி, எலும்பெல்லாம் தனித்தனியா கழண்டு கிடக்கிற மாதிரி இருக்கு. ஊருல சொல்லுவா, எப்சிபா பாக்கியசாலி, எருசலேம்ல இருக்கா, ஆண்டவரு நடந்த மண்ணுன்னு. நான் பார்க்கிற எருசலேம் ஒரு குளியலறை, ஒரு மருந்து டப்பா, ஒரு நாலாம் மாடி ஜன்னல்.

லீவ். அதான் இன்னைக்கு வார்த்தை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்கெல்லாம் தெரிஞ்ச வார்த்தை, நாம லீவுன்னு நம்ம வார்த்தையாவே ஆக்கிட்டோம், மழைக்கு லீவு, தேர்தலுக்கு லீவு. மேடம் அப்படி லேசுல விடுவாளா. பெனினா மேடம் பிறந்தது இங்கிலாந்துல, கல்யாணம் முடிஞ்சு இங்க வந்து இங்கிலீஷ் டீச்சராட்டு இருந்தா, ரிட்டையர் ஆன பின்ன இங்கிலீஷ் வார்த்தைக்கெல்லாம் எபிரேய அர்த்தம் எழுதி ஒரு அகராதி செய்யுதா. யாரும் கேக்கல்ல, எவனும் அச்சடிக்கேன்னு சொல்லல்ல. இப்போ எல் எழுத்துல நிக்குது, இசட் வர்றதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துருவேன்னு அவளே சொல்லிச் சிரிப்பா. வாரம் முழுக்க எழுதுவா, சனிக்கிழமை மட்டும் கூடாது, அவிய யூதரு, அவியளுக்க ஓய்வுநாள், பேனா பென்சில் தொடக்கூடாது, லைட் போடக்கூடாது, அடுப்பு பத்தவைக்கக்கூடாது. ஆனா மண்டைக்கு ஓய்வுநாள் கிடையாதே. மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு நான் அவ காலுக்கு எண்ணெய் தடவ உக்காரும்போது ஒரு வார்த்தையை எடுப்பா, அதுக்க அர்த்தம் என்ன, எங்கேருந்து வந்துது, எபிரேயத்துல என்னென்ன சொல்லலாம், எல்லாத்தையும் எனக்க தலையில போட்டு, "இருட்டுற வரைக்கும் வச்சிரு ஹெஃப்ஸி, நீதான் எனக்க பென்சில்"னுவா. அவ பேசுறது இங்கிலீஷும் எபிரேயமும் கலந்துதான், எனக்க காதுல நம்ம கருங்கல் ஊருப் பேச்சாட்டுத்தான் விழும், இத்தனை வருஷம் ஒரே வீட்டுல கிடந்தா அப்படித்தான் ஆகும். எனக்கு எப்சிபான்னு பேரு வச்சது ஊரு போதகர். அது எபிரேயப் பேருன்னு முதல்நாளே துள்ளினா மேடம், "அவள்மேல் எனக்குப் பிரியம்னு அர்த்தம்டீ"ன்னா. பிரியமாம். பிரியமெல்லாம் இருக்கட்டும், பென்சிலுக்கு யாரு லீவு குடுப்பா.

இது ஒரு வார்த்தை இல்ல ஹெஃப்ஸி, ரெண்டு வார்த்தைன்னு ஆரம்பிச்சா. ரெண்டு வேற வேற வீட்டுல பிறந்து, காலப்போக்குல ஒரே சட்டையைப் போட்டுக்கிட்டு நிக்குதாம். ஒண்ணு, விட்டுட்டுப் போறது. இப்போ நாம போறதுன்னு சொல்லுகோம், ஆனா பழைய இங்கிலீஷ்ல அது போறவனுக்க வார்த்தையே இல்லையாம், இருக்க விடுறது, மிச்சம் வைக்கிறது, அதான் அர்த்தமாம், செத்துப்போறவன் வீட்டையும் மாட்டையும் மிச்சம் வச்சுட்டுப் போவான் பாரு, அது. அதுக்கும் அடியில இன்னும் தோண்டினா ஒட்டிக்கிடக்குறதுன்னு ஒரு வேராம், எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி. லைஃப்ங்கிற வார்த்தைக்கும் அதே வேர்தானாம். எனக்க கையில எண்ணெய், அவ முழங்கால்ல எண்ணெய், நான் தடவிக்கிட்டே கேக்கேன், எனக்கு உள்ளுக்குள்ள சுருசுருன்னு வருது. போறவளுக்க வார்த்தை இல்லையாம், மிச்சம் கிடக்கிறவளுக்க வார்த்தையாம். அடுத்தது, அனுமதி. உனக்கு லீவ் தாறேன்னு சொன்னா அது வேற வார்த்தை, லவ்வுக்குக் கூடப்பிறந்தது. நீ போறதுல எனக்குப் பிரியம், சந்தோஷமாப் போயிட்டு வா, அந்த மாதிரி. எபிரேயத்துல இதுக்கெல்லாம் சேர்த்து ஒத்தை வார்த்தை கிடையாது, நாலு வேணும்னு விரலை நீட்டினா. லஅஸோவ், விட்டுப்போறது, கைவிடுறதுக்கும் அதான். லெஹஷீர், மிச்சம் வைக்கிறது. ஹுஃப்ஷா, வேலையில எடுக்கிற லீவு, அது விடுதலைங்கிற வார்த்தையில இருந்து வந்தது. ரெஷுத், அனுமதி. "பிடிச்சுக்கிட்டியா?"ன்னா. பிடிச்சுக்கிட்டேன் மேடம்.

பிடிச்சு எங்க வைக்க. எனக்கு ஒரு பழக்கம் உண்டு, யாருகிட்டயும் சொன்னதில்ல, பூட்டிக்கிடக்கிற எனக்க வீட்டுல கொண்டுபோய் வைப்பேன். கருங்கல்ல, சந்தைக்குப் பின்னால, ரெண்டு அறையும் ஒரு அடுக்களையும். அவரு இருக்கும்போது கட்டினது, அவரு போன பின்ன நானும் எனக்க மக கெசியாவும் இருந்தது, இப்போ பல்லியும் கரையானும். வாசல் கதவுல லஅஸோவை வச்சேன், அந்தக் கதவைச் சாத்திட்டு வரும்போது சாவி திரும்பமாட்டேன்னுட்டு, மழைக்கு மரம் ஊதியிருந்துது. அடுக்களையில லெஹஷீர், அங்கதானே மிச்சமெல்லாம், கழுவிக் கவுத்துன பானை, பாதி டப்பா உப்பு. உப்பு இப்போ கல்லாட்டு ஆகியிருக்கும். முன்னறையில ஹுஃப்ஷா, கட்டில்ல காலை நீட்டி வச்சேன், படுத்துக்கோ, நல்லாப் படுத்துக்கோ. கடைசியா உள்ளறை. அங்க ரெஷுத்தை வைக்கணும். கதவைத் தள்ளினா கட்டில்ல கெசியா படுத்திருக்கா. வயிறு இப்படி மேல நிக்குது, தலைமாட்டுல தண்ணிச் செம்பு கிடையாது, போர்வை கிடையாது, வேதுக் குளிக்கு வெள்ளம் கொதிக்கல்ல, வேப்பிலையும் நொச்சியும் போட்டு உடம்பைப் பிழிஞ்சு குளிப்பாட்ட ஆளு கிடையாது. அவ அங்க இல்ல, எனக்குத் தெரியும், அவ குலசேகரத்துல மாமியார் வீட்டுல இருக்கா, இது நானா செஞ்சு பார்க்கிற பார்வை. இருந்தாலும் வார்த்தையைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். எங்க வைக்கன்னு தெரியல்ல. கதவைச் சாத்திட்டு வந்துட்டேன்.

முதல் பேறுகாலம் தாய் வீட்டுல. அது யாரு போட்ட சட்டமோ, ஊருல மாத்த முடியுமா. நேத்து போன்ல கெசியா அழல்ல, அதான் எனக்குப் பயம், அழுதிருந்தா ரெண்டு வார்த்தை அதட்டியிருப்பேன். "அம்மா, வருவியளா மாட்டியளா, ஒரு வார்த்தை சொல்லுங்க. இவிய வீட்டுல கேக்கறாவ, உங்கம்மைக்கு வேற ஒருத்தி அம்மையைக் குளிப்பாட்ட நேரம் உண்டு, உன்னைக் குளிப்பாட்ட நேரம் இல்லையான்னு." அப்படிக் கேட்டாவளா. கேட்டாவளாம், சிரிச்சுக்கிட்டே கேட்டாவளாம். சிரிச்சுக்கிட்டே கேக்கிறதுதானே குத்தும். "பாக்கேன் மக்ளே"ன்னேன். "பாக்கேன்னா என்னம்மா அர்த்தம்?"னா. வச்சுட்டா. டாக்டர் சொன்ன தேதி அடுத்த மாசம், சின்ன இடுப்பு அவளுக்கு, எனக்கு மாதிரி, நான் அவளைப் பெற பட்ட பாடு எனக்குத் தெரியும், ரெண்டு நாளு, கடைசியில ஆயா எனக்க கன்னத்துல ஓங்கி ஒண்ணு வச்சா, அப்பத்தான் முக்கினேன். எனக்க அம்மை வெளிய நின்னு ஜெபம் பண்ணிக்கிட்டே ஆயாவை ஏசிக்கிட்டு இருந்தா. அந்த ஏச்சு காதுல விழுந்ததாலதான் நான் பிழைச்சேன்னு இப்பவும் நினைப்பேன். கெசியாவுக்கு யாரு ஏசுவா. போனாப் போயிரலாம், டிக்கெட் பெரிய காரியம் இல்ல. திரும்பி வர்றதுதான் காரியம். எனக்க விசா மேடத்துக்க பேருல ஒட்டிக்கிடக்கு, இத்தனை வருஷம் ஆன பின்ன வேற வீட்டு வேலைக்கு மாற இங்கத்த சட்டம் விடாது. அவ கையெழுத்துப் போட்டா மூணு மாசம் இருந்துட்டு வரலாம். போடல்லேன்னா போனது போனதுதான், வீட்டுக் கூரை பாதி வேலை, கெசியா கல்யாணக் கடன்ல மிச்சம், எல்லாம் அப்படியே நிக்கும், எனக்கு வேற என்ன வேலை தெரியும், கிழவியளைத் தூக்கிக் குளிப்பாட்டத் தெரியும்.

காலையில இருந்து சூசகமாச் சொல்லிப் பார்த்தேன். சூசகம் இந்த வீட்டுல மரியாதை. ஓய்வுநாள்ல மேடம் என்கிட்ட லைட்டைப் போடுன்னு நேராச் சொல்லமாட்டா, அது அவளே போட்ட மாதிரி பாவமாம், "இந்த ஹாலு என்னமா இருட்டிப்போச்சு"ன்னு சுவரைப் பார்த்துச் சொல்லுவா, நான் தற்செயலா அந்தப் பக்கம் போற மாதிரி போய்ப் போடுவேன், அவளும் ஆச்சரியப்படுவா, என்ன நடிப்பு. முதல் வருஷம் எனக்கு விளங்காம, குளிருதுன்னு அவ சொன்னதுக்கு ஆமா மேடம் எனக்கும் குளிருதுன்னு சொல்லிட்டு இருந்திருக்கேன், ரெண்டு பேரும் நடுங்கிக்கிட்டு. இப்போ அந்த வித்தையை நான் அவகிட்டயே காட்டுகேன். ரொட்டி வெட்டும்போது, "எனக்க மகளுக்கு அடுத்த மாசம் மேடம்"னேன். "நல்ல காரியம்"னா. சூப் ஊத்தும்போது, "எங்க ஊருல முதல் பிரசவத்துக்குத் தாய்தான் கூட நிக்கணும்"னேன். "எல்லா ஊருலயும் அப்படித்தான்"னா, உப்பு கேட்டா. உப்பைக் கொடுத்தேன். பின்ன பார்த்தா இந்த வார்த்தையை எடுக்கா. தெரிஞ்சே எடுத்தாளா, அகர வரிசையில அதுதான் வந்துதா. கிழவி லேசுப்பட்டவ இல்ல. நேத்து நான் போன்ல பேசும்போது அடுத்த அறையில ரேடியோவைக் குறைச்சா, தமிழ் தெரியாதுதான், ஆனா மகளும் தாயும் பேசாம இருக்கிற சத்தம் எந்தப் பாஷையிலயும் ஒண்ணுதானே. தெரிஞ்சே எடுத்திருந்தா இது என்ன விளையாட்டு. எனக்குக் கோவம் வருது, உடனே பாவமாட்டும் இருக்கு, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முட்டிக்கிட்டு நிக்குது, எனக்கு ரெண்டையும் தாங்கச் சக்தி இல்ல.

பாவமாத்தான் இருக்கு. அவளுக்க இடது தோள்ல ஒரு மச்சம், அதைப் பத்தி அவளுக்க மகனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அவன் கனடாவுல இருக்கான், நல்லவன்தான், ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான், அம்மா சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா. குளிக்கும்போது முதல்ல கால்ல தண்ணி ஊத்தணும், பின்ன முதுகு, தலை கடைசி, தலையில முதல்ல விழுந்தா மூச்சுத் திணறி என்னை அடிப்பா. இதையெல்லாம் புதுசா வர்றவளுக்கு யாரு சொல்லுவா. சொன்னாலும் அவ கேப்பாளா. பக்கத்துக் கட்டடத்துல நேபாளத்துக்காரி ஒருத்தி ஊருக்குப் போனா, திரும்பி வரும்போது அவ பார்த்துக்கிட்ட கிழவி இல்ல, கட்டில் மட்டும்தான் இருந்துது. பெட்டியோட படியிலயே உக்காந்திருந்தா. முன்ன ஒருநாள் விடுதலைங்கிற வார்த்தையை எடுத்தப்போ மேடம் சொன்னா, பழைய காலத்துல அடிமைக்கு ஏழாம் வருஷம் விடுதலை, போக மனசில்லேன்னு அவனே சொன்னா, கதவோட சேர்த்து அவன் காதை ஊசியால குத்துவாவளாம், அதுக்குப் பின்ன அவன் சாகும்வரை அந்த வீட்டுக்குத்தான். நான் அப்போ சிரிச்சேன், எனக்க காது சின்னதுலயே குத்தியாச்சு மேடம்னேன். இப்போ ஏழாம் வருஷம் நடக்குது. நான் என்ன அடிமையா, இல்ல, மாசம் பிறந்தா சம்பளம், ஞாயிறு சபைக்குப் போறேன், மேடம் கை நீட்டினதில்ல, குளியல்ல தவிர. ஆனா இந்த நாற்காலியில இருந்து எழும்ப எனக்கு ஏன் இப்படி முடியல்ல. அசதி. வேற ஒண்ணும் இல்ல, அசதி. ஒருநாள் முழுக்க யாரும் என்னைக் கூப்பிடாத ஒரு அறையில படுத்துக் கிடக்கணும். அம்மான்னும் கூப்பிடக்கூடாது, ஹெஃப்ஸின்னும் கூப்பிடக்கூடாது. அந்த அறை இந்த உலகத்துல எங்கயும் இல்ல, கருங்கல்லயும் இல்ல.

"வானத்துல என்ன இருக்குன்னு தெரியல்ல"ன்னா மேடம். மூணு நட்சத்திரம் தெரிஞ்சா ஓய்வுநாள் முடிஞ்சுது, மேகத்துல எங்கேருந்து தெரிய, காலண்டர்ல போட்ட நேரம்தான் கணக்கு. நேரம் ஆயிட்டு மேடம்னேன். எழுப்பி உக்கார வச்சேன். ஓய்வுநாளை வழியனுப்புற பின்னல் மெழுகுத்திரியைப் பத்தவச்சுக் கொடுத்தேன், பிடிச்சு ஜெபம் சொன்னா, கிராம்பு போட்ட வெள்ளிச் சிமிழை மோந்து பார்த்துட்டு எனக்கும் நீட்டினா. எனக்க மூக்குல எங்க மலைக் கிராம்பு மணம் ஏறிச்சு. மெழுகுத்திரியை ஒயின்ல முக்கி அணைச்சா. மேசைய இழுத்துப் போட்டேன், விளக்கு, கண்ணாடி, பென்சில், எல்லாம் அதுக்க அதுக்க இடத்துல. "ம், சொல்லு"ன்னா.

சொன்னேன். வீட்டுக்குள்ள போனேன், வாசல்ல லஅஸோவ் நின்னுது, எடுத்துக் கொடுத்தேன், அடுக்களையில லெஹஷீர், எண்ணெய்ப் பிசுக்கு, லைஃப், மிச்சம் கிடக்கிறது, எல்லாம் சொன்னேன், அவ எழுதுதா, பென்சில் தாள்ல உரசுற சத்தம் மட்டும் கேக்குது. முன்னறையில ஹுஃப்ஷா. எழுதிட்டா. உள்ளறைக் கதவுகிட்ட வந்து நின்னுட்டேன்.

"ஒண்ணு மிச்சம் இருக்கு"ன்னா.

"தெரியும் மேடம்."

"மறந்துட்டியா?"

மறக்கல்லேன்னேன். அவ தலையைத் தூக்கல்ல. நான் நாற்காலிப் பிடியைப் பிடிச்சுக்கிட்டேன். எப்படிச் சொல்லணும்னு எத்தனை நாளா எத்தனை மாதிரி கோர்த்து வச்சிருந்தேன், மேடம் உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா, மேடம் கோவிச்சுக்காதீங்க, ஒண்ணும் வரல்ல. "எனக்க மக பேறுகாலத்துக்கு நான் போகணும் மேடம். மூணு மாசம். நீங்க கையெழுத்துப் போட்டாத் திரும்பி வருவேன். போடல்லேன்னாலும் போவேன்." கடைசி வார்த்தை எனக்கே தெரியாது. வாயில இருந்து வந்த பின்னத்தான் எனக்கே கேட்டுது. கேட்டதும் ஒரு பயம், அதுக்கு மேல ஒரு ஆறுதல், முதுகுல இருந்து என்னமோ இறங்கினாப்ல.

மேடம் பென்சிலைக் கீழ வச்சா. மழை இன்னும் பெய்யுது. பின்ன அவ சொன்னா, "மூணு மாசம் நான் இருப்பேனான்னு தெரியாது." தெரியும் மேடம்னேன். "புதுசா ஒருத்தி வந்து எனக்க உடம்பைப் பார்க்கணும்." ஆமா மேடம். "எனக்குப் பயமா இருக்கு ஹெஃப்ஸி." இந்த ஏழு வருஷத்துல கீழ விழுந்தப்பவும் சொல்லாதவ, ஆஸ்பத்திரியில குழாய் போட்டப்பவும் சொல்லாதவ. "எனக்கும்தான்"னேன். எனக்கு அழுகை வந்துது, துடைக்கல்ல, இனி யாருக்கு முன்னால துடைக்க. "ஏஜென்சிக்காரன் தந்த லீவுத் தாள் உன்கிட்ட இருக்குமே, எடுத்துட்டு வா"ன்னா. இருக்குன்னு இவளுக்கு எப்படித் தெரியும். எடுத்துட்டு வந்தேன். பேனாவை வாங்கி, மூக்குல கண்ணாடியை ஏத்தி, ஒவ்வொரு எழுத்தா, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அமுக்கி அமுக்கிப் பேரை எழுதினா. எழுதி முடிச்சும் தாளை என்கிட்டத் தரல்ல, மேல கையை வச்சுக்கிட்டே சொன்னா. "கையெழுத்துத்தான் போட்டிருக்கேன். ரெஷுத் தந்தேன்னு நினைக்காதே. நீ போறதுல எனக்குப் பிரியம் இல்ல. கொஞ்சமும் இல்ல. உன்னை வாழ்த்தி அனுப்பச் சொல்லாதே, அது எனக்கு வராது. போ." பின்ன கையை எடுத்தா.

அவளைக் கட்டில்ல படுக்க வச்சு, கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, அடுக்களைக்கு வந்து கதவைச் சாத்தாமலே போன் போட்டேன். ஊருல சாப்பாடு முடிஞ்சிருக்கும். முதல் மணியிலயே எடுத்துட்டா, கையிலயே வச்சிருந்திருப்பா. "வாறேன் மக்ளே"ன்னேன். இப்போ அழுதா. அழட்டும்னு விட்டேன். மூக்கை உறிஞ்சிட்டு, சின்னப்பிள்ளை மாதிரி கேட்டா, "அந்த மேடம் சம்மதிச்சாவளாம்மா?"

"சம்மதிக்கல்ல மக்ளே"ன்னேன். "போகச் சொன்னா."